மகள் உடற்கல்வி படிக்கட்டுமா? களியக்காவிளை அக்காவுக்கு

அக்கா, பிளஸ் டூ முடித்த மகள் என்ஜினீயரிங் வேண்டாம், உடற்கல்விதான் படிப்பேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள், பொம்பளப் பிள்ளை வெயிலில் விசில் ஊதிக்கொண்டு நின்றால் நாளைக்குப் பிழைப்புக்கு என்ன செய்வாள் என்று கேட்டிருக்கிறீர்கள். பயம் நியாயம்தான். ஆனால் நீங்கள் குறையாகச் சொன்ன ஒன்று எனக்குத் தகுதியாகத் தெரிகிறது. ஓணத்துக்கு ஊர் கிளப் நடத்திய போட்டிகளில் அவள் ஆடியதைவிட நோட்டும் கையுமாக அலைந்ததுதான் அதிகம் என்றீர்களே, அதுதான். நன்றாக ஆடுகிற பிள்ளைகள் நிறைய இருக்கிறார்கள், ஊரை ஆட வைக்கிற பிள்ளைகள் குறைவு.

அது அவளிடம் நிஜமாகவே இருக்கிறதா என்று இந்த லீவிலேயே பார்த்துவிடலாம். ஒரு சின்ன வாலிபால் போட்டியைத் திட்டம் போடச் சொல்லுங்கள். 11 அணி வந்தால் என்ன செய்வாள்? எல்லோரும் எல்லோருடனும் ஆடும் லீக் என்றால் 55 ஆட்டம், ஒரே மைதானத்தில் இரண்டு நாளில் நடக்கிற காரியமில்லை. தோற்ற அணி உடனே வெளியேறும் நாக்-அவுட் என்றால் 10 ஆட்டத்தில் முடியும், ஆனால் ஒவ்வொரு சுற்றிலும் அணிகள் சரிபாதியாகக் குறையவேண்டும், அதற்காக அட்டவணையை 16 இடத்துக்குப் போடவேண்டும் என்பதால் 5 அணிகள் முதல் சுற்றில் ஆடாமலே அடுத்த சுற்றுக்குப் போகும், அந்த ஐந்து யார் என்பதில்தான் சண்டை வரும், அதனால் அணித் தலைவர்கள் எல்லோரையும் வைத்துக்கொண்டு சீட்டுக் குலுக்கவேண்டும். இதைவிட முக்கியம், ஆட வராதவர்களுக்கு அவள் என்ன யோசித்திருக்கிறாள் என்பது. விடியுமுன்னே ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டுக்குப் போகிறவர்கள், சாயங்காலம்தான் கொஞ்சம் ஓய்கிற அம்மாமார், மூட்டுவலிக்காரப் பாட்டிமார், இவர்களுக்கெல்லாம் எந்த நேரம், என்ன விளையாட்டு? நம் மாவட்டத்தில் இரண்டு பருவமழையும் பெய்யும், மழை வந்தால் பள்ளி வராந்தாவோ கல்யாண மண்டபமோ கிடைக்குமா என்று கேட்டு வைத்தாளா? குடிதண்ணீர், முதலுதவிப் பெட்டி, பெண்களுக்குக் கழிப்பறை? கடைசியாகச் சொன்னது இல்லாததால்தான் பல இடங்களில் பெண்கள் வேடிக்கை பார்க்கக்கூட வருவதில்லை.

அப்புறம் அவளுடைய உடம்பு. சேர்க்கைக்கே உடல்தகுதித் தேர்வு வைக்கிற கல்லூரிகள் உண்டு, எடை பார்த்தால் மட்டும் போதாது. மத்திய அரசின் விளையாட்டுத் திட்டமான கேலோ இந்தியா பள்ளிப் பிள்ளைகளுக்கு வைத்திருக்கும் சோதனைகளையே செய்யட்டும்: 50 மீட்டர் வேக ஓட்டம், 600 மீட்டர் ஓட்டம், கால் நீட்டி உட்கார்ந்து முன்னால் குனிந்தால் விரல் எட்டும் தூரம், மல்லாந்து படுத்துத் தலையையும் தோளையும் தூக்கும் கர்ல்-அப் 30 வினாடியில் எத்தனை, முட்டி ஊன்றி எத்தனை புஷ்-அப். காலையில் விழித்ததும் எழுந்திருக்காமலே ஒரு முழு நிமிடம் நாடி எண்ணட்டும். ஸ்டாப்வாட்ச் வேறொருவர் கையில் இருக்கவேண்டும். ஆறு வாரம் கழித்து அதே மைதானம், அதே நேரம், மறுபடியும்.

பக்கத்து வீட்டுப் பெரியவர்களுக்கும் ஒன்று செய்யலாம். கைகளை மார்பில் குறுக்காகக் கட்டிக்கொண்டு 30 வினாடியில் நாற்காலியிலிருந்து எத்தனை முறை முழுதாக எழுகிறார்கள் என்று எண்ணுவது, முதியவர்களுக்கென்றே இருக்கிற சோதனை. தொடங்குமுன் நெஞ்சுவலி உண்டா, தலைசுற்றல் உண்டா, பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறீர்களா என்று அவளாகவே கேட்கிறாளா என்று கவனியுங்கள். இருந்தால் டாக்டர் சரி சொன்ன பிறகுதான். யாரும் சொல்லித்தராமல் இதைக் கேட்கிற பிள்ளையை நான் கண்ணை மூடிக்கொண்டு இந்தப் படிப்புக்கு அனுப்புவேன்.

படிப்பு என்றால், பிளஸ் டூவுக்குப் பிறகு 3 வருட பி.பி.இ.எஸ். என்கிற உடற்கல்வி இளநிலைப் பட்டம், அதற்கு மேல் உடற்கல்வி ஆசிரியர் ஆவதற்கான 2 வருட பி.பி.எட். முதலாவதை மட்டும் முடித்துவிட்டுப் பள்ளி வேலையை நம்ப வேண்டாம். பி.பி.எட். நடத்தும் கல்லூரிக்கு என்.சி.டி.இ. என்கிற தேசிய ஆசிரியர் கல்விக் கவுன்சிலின் அங்கீகாரம் இருக்கிறதா என்று நீங்களே பார்த்துவிடுங்கள். உங்களுக்குப் பக்கம் திருவனந்தபுரம் காரியவட்டத்தில் இருக்கும் லட்சுமிபாய் தேசிய உடற்கல்விக் கல்லூரி, 1985-ல் தொடங்கியது, இந்திய விளையாட்டு ஆணையத்தின் கீழ் நடக்கிறது. இந்தப் பக்கம் திருச்செந்தூரில் டாக்டர் சிவந்தி ஆதித்தனார் உடற்கல்வியியல் கல்லூரி. சென்னை வரை அனுப்ப மனசிருந்தால் மேலக்கோட்டையூரில் இருக்கும் தமிழ்நாடு உடற்கல்வியியல் மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகமும், 1920-ல் தொடங்கிய நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. கல்லூரியும்.

அரசு வேலை படித்து முடித்ததும் கிடைத்துவிடும் என்று நான் சொல்லமாட்டேன், காத்திருக்க வேண்டியிருக்கும். அதுவரை தனியார் பள்ளி, பெண்களுக்கான ஜிம், முதியோர் இல்லம் என்று வழி இருக்கிறது, கணக்கும் திட்டமும் தெரிந்தவளுக்கு இன்னும் கொஞ்சம் அதிகமாகவே இருக்கிறது.

விண்ணப்பத்துக்குத் தேவைப்படும் விளையாட்டுச் சான்றிதழ்களின் அசலை இப்போதே எடுத்து வையுங்கள். பள்ளியில் வாங்கவேண்டியது பாக்கி இருந்தால் டி.சி. வாங்கப் போகும் அன்றே கேட்டு வாங்கிவிடுங்கள் அக்கா.