இரண்டு ஆய்வகம், இரண்டு எண்: அளவீட்டு ஒப்பீடு குறித்த கேள்வி-பதில்

கேள்வி: எங்கள் கருவிகள் எல்லாவற்றுக்கும் காலிபரேஷன் (தெரிந்த மதிப்போடு ஒப்பிட்டுச் சரிபார்த்தல்) சான்றிதழ் இருக்கிறது. அப்புறம் எதற்கு, ஒரே பொருளைச் சுற்றுக்கு விட்டு ஆளுக்கொரு முறை அளந்து, மற்ற ஆய்வகங்களோடு ஒப்பீடு?

பதில்: சான்றிதழ் கருவிக்குத்தான். அளப்பவரின் கை, அறையின் வெப்பநிலை, கணக்குத்தாள் இவற்றுக்கு யார் சான்று தருவது? ஆய்வகங்களின் திறனுக்கான சர்வதேசத் தரநிலையான ஐஎஸ்ஓ/ஐஈசி 17025 ஒப்பீட்டைக் கேட்பது அதனால்தான்.

கேள்வி: 100 மி.மீ. எஃகு கேஜ் பிளாக்கில் (நீளத்துக்கு அளவுகோலாக வைக்கும் துல்லியமான கட்டை) எங்கள் அளவு, மேற்கோள் ஆய்வகத்தின் (ஒப்பிட அடிப்படையாக வைக்கும் மதிப்பைத் தரும் ஆய்வகம்) அளவைவிட 0.8 மைக்ரோமீட்டர் கூடுதலாக வந்தது. தோல்வியா?

பதில்: வித்தியாசத்தை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. இரு தரப்பு நிச்சயமின்மையும், அதாவது அளவு எவ்வளவு கூடக்குறைய இருக்கலாம் என்று ஒவ்வோர் ஆய்வகமும் சொல்லும் எல்லையும், வேண்டும். உங்களுடையது 0.5 மைக்ரோமீட்டர், மேற்கோள் ஆய்வகத்தினுடையது 0.3 என்று வைத்துக்கொள்வோம். இரண்டையும் வர்க்கப்படுத்திக் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் 0.58. அதால் 0.8-ஐ வகுத்தால் 1.37. இதுதான் ஒப்பீட்டில் தேறியதா என்று பார்க்கும் ஈஎன் (En) எண். 1-ஐத் தாண்டக் கூடாது. ஆக, தேறவில்லை.

கருவியைக் குறை சொல்வதற்கு முன் வெப்பநிலையைப் பாருங்கள். கேஜ் பிளாக்கின் நீளம் 20 டிகிரி செல்சியஸுக்குச் சொல்லப்படுவது. 100 மி.மீ. எஃகு ஒரு டிகிரிக்கு ஏறத்தாழ 1.15 மைக்ரோமீட்டர் நீளும். பிளாக்கைக் கையில் பிடித்திருந்துவிட்டு, ஆறவிடாமல் அளந்தாலே 0.8 வந்துவிடும். அறைச்சுவரில் இருக்கும் தெர்மாமீட்டர் 20 காட்டுவதால் ஒன்றும் ஆகாது. பிளாக்கின் வெப்பநிலைதான் கணக்கு.

கேள்வி: நிச்சயமின்மையை 1 என்று எழுதியிருந்தால் தேறியிருப்போமே?

பதில்: குறும்புதான், ஆனாலும் சரி: ஈஎன் எண் 0.77 ஆகியிருக்கும். ஆனால் வாடிக்கையாளருக்குத் தரும் சான்றிதழிலும் அதே 1-ஐத்தான் எழுத வேண்டும். 0.5 கேட்டு வருபவர் வேறு ஆய்வகத்தைத் தேடிக்கொள்வார். ஒப்பீட்டுக்கு ஓர் எண், தொழிலுக்கு ஓர் எண் என்றால் அது ஏமாற்று.

கேள்வி: சுற்றுக்கு அனுப்பும் பொருளே வழியில் மாறிவிட்டால்?

பதில்: மாறலாம். அதனால்தான் ஒப்பீட்டை நடத்தும் ஆய்வகம் இடையிலும் கடைசியிலும் அதை மறுபடி அளக்கிறது.

கேள்வி: எல்லா ஆய்வகமும் ஒத்துப்போனால் முடிவு சரிதானே?

பதில்: அப்படிச் சொல்லிவிட முடியாது. எல்லோரும் ஒரே தப்பைச் செய்தாலும் எண்கள் ஒத்துப்போகும். ஒவ்வொரு கருவியையும் அதைவிடத் துல்லியமான ஒன்றோடு ஒப்பிட்டு, எஸ்ஐ அலகு (மீட்டர், கிலோகிராம் போன்ற சர்வதேச அலகு) வரை அறுபடாமல் போகும் காலிபரேஷன் சங்கிலி அதற்காகத்தான். அந்தச் சங்கிலியின் உச்சியிலேயே ஒரு சிக்கல் இருந்தது. பாரிஸ் அருகே வைத்திருந்த கிலோகிராம் மூலப்படிக்கும் (கிலோகிராமையே வரையறுத்த உலோகப் படிக்கல்) அதன் நகல்களுக்கும் நூறாண்டில் சுமார் 50 மைக்ரோகிராம் வரை விலகல் வந்தது. மாறியது மூலமா, நகல்களா என்று ஒப்பீட்டால் சொல்ல முடியவில்லை. வரையறைப்படி மூலம் எப்போதும் 1 கிலோகிராம்! 2019 மே 20 முதல் வரையறை, படிக்கல்லை விட்டு, பிளாங்க் மாறிலி என்ற மாறாத இயற்பியல் எண்ணுக்கு மாறியது. அதன் பிறகு தேசிய அளவீட்டு நிறுவனங்கள் தனித்தனியே உருவாக்கிய கிலோகிராம்கள் போதிய அளவு ஒத்துப்போகவில்லை. எனவே 2021 முதல், ஒப்பீடுகளிலிருந்து கணக்கிட்ட ஒரு பொது மதிப்பையே உலகம் பின்பற்றுகிறது.