மோத்தல்: ஒரு கிராமமும் ஏழு ஆட்சிகளும்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

பெலாரஸின் மோத்தல் கிராமத்தைப் பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். அத்தனை அரசுகள் வந்துபோயும் அங்கே உழவும் நெசவும் நின்றுவிடவில்லை. ‘இராமன் ஆண்டால் என்ன, இராவணன் ஆண்டால் என்ன’ என்றுதானே அம்மக்கள் வாழ்ந்திருப்பார்கள்?

கு.

அன்புள்ள கு.,

தொலைவிலிருந்து பார்த்தால் அப்படித்தான் தோன்றும். யசெல்தா ஆற்றங்கரையிலுள்ள அந்த ஊரில் 1910இல் பிறந்த ஒருவர், ஊரைவிட்டு நகராமலேயே ரஷ்யப் பேரரசு, முதல் உலகப்போர்க் கால ஜெர்மானியப் படை, போலந்து, சோவியத் ஒன்றியம், நாஜி ஜெர்மனி, மறுபடியும் சோவியத் ஒன்றியம் என்று ஆறு ஆட்சிகளைக் கண்டு, எண்பது வயதைத் தாண்டியும் இருந்திருந்தால் 1991இல் சுதந்திர பெலாரஸையும் பார்த்திருப்பார். ஆனால் இவற்றில் எந்த ஆட்சியும் வாசலோடு நின்றுவிடவில்லை.

1915இல் ஜெர்மானியர் நெருங்கியபோது அந்த வட்டாரத்து ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவ உழவர்கள் பெருந்திரளாக வண்டி கட்டிக்கொண்டு ரஷ்யாவின் உட்பகுதிகளுக்குப் போனார்கள். பின்னர் போலந்துக்கும் சோவியத் தரப்புக்கும் இடையே 1921இல் ஏற்பட்ட ரீகா உடன்படிக்கை அவர்களுடைய மண்ணைப் போலந்துக்கு உரியதாக்கியது. பள்ளிக்கூடம் போலிஷ் மொழிக்கு மாறியது. 1931ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில், மோத்தல் அடங்கிய பொலேஸ்யே மாகாணத்தில் ஏழு லட்சத்துக்கும் மேற்பட்டோரின் தாய்மொழி, பெலாரூசியம் என்றோ உக்ரைனியம் என்றோ இல்லாமல், வெறுமனே ‘உள்ளூர் மொழி’ என்று பதிவாயிற்று. அதில் மக்களின் சொந்த வாக்கும் உண்டு. பெலாரூசியர், உக்ரைனியர் தொகையைக் குறைத்துக் காட்ட விரும்பிய அரசின் கையும் உண்டு என்பது என் எண்ணம். 1939 செப்டம்பரில் சோவியத் ராணுவமான செம்படை வந்தது. அடுத்த பிப்ரவரியில் மேற்கு பெலாரஸெங்கும் போலந்துக் குடியேறிகள் குடும்பம் குடும்பமாக ரயிலேற்றி நாடுகடத்தப்பட்டார்கள். போருக்குப் பிறகு உழவரின் நிலமும் குதிரையும் கலப்பையும் கூட்டுப்பண்ணைக்குச் சென்றன.

உங்கள் கடிதத்தில் இடம்பெறாத ஒரு சாராரும் அந்த ஊரில் இருந்தார்கள்: யூதர்கள். இஸ்ரேலின் முதல் குடியரசுத் தலைவரான ஹயிம் வைஸ்மன் 1874இல் பிறந்தது மோத்தலில்தான். அவருடைய தந்தை மரவணிகர். குளிர்காலத்தில் காட்டில் வெட்டிய மரங்களைப் பனி உருகியதும் தெப்பங்களாகப் பிணைத்து, ஆறுகளின் வழியாக பால்டிக் கடலோரத்து டான்சிக் துறைமுகம் வரை மிதக்கவிட்டுக் கொண்டுபோவது அவர் தொழில். இப்படிப்பட்ட யூதக் குடும்பங்கள் பல தலைமுறைகளாக அங்கே வாழ்ந்துவந்தன. 1941 ஆகஸ்ட் தொடக்கத்தில் நாஜிகளின் ஆயுதப் பிரிவான எஸ்.எஸ்.ஸின் குதிரைப்படை அந்த ஊருக்குள் நுழைந்து யூதர்களைச் சுட்டுக் கொன்றது. 1944இல் சோவியத் ஆட்சி திரும்பியபோது அந்தச் சமூகமே அங்கே இல்லை.

யார் ஆண்டால் என்ன என்று அவர்கள் வாழ்ந்திருக்க முடியுமா? உழவும் நெசவும் தொடர்ந்தது உண்மைதான். ஆனால் மோத்தலின் மக்கள் என்று நாம் சொல்லும்போது, தெப்பம் ஓட்டியவர்களையும் கடை வைத்திருந்தவர்களையும் விட்டுவிட்டுச் சொல்லக் கூடாது என்பதற்காகவே இவ்வளவு விரிவாக எழுதினேன்.