மூக்கு நசுங்கிய ஃபோம் விமானத்தைச் சரிசெய்வது எப்படி?

கேள்வி: 1.4 மீட்டர் இறக்கை கொண்ட, ரிமோட்டால் இயக்கும் என்னுடைய இ.பி.ஓ. (வளைந்து கொடுக்கும் ஒருவகை ஃபோம்) பயிற்சி விமானம் மூக்குக் குத்தித் தரையில் மோதிவிட்டது. முன்பகுதி நசுங்கி, இறக்கைக்குப் பின்னால் உடல் இரண்டாக முறிந்து, மோட்டார் பிடிப்பும் பெயர்ந்துவிட்டது. ஃபெவிக்விக் போட்டு ஒட்டிவிடலாமா, புதிய உடல்தான் வாங்க வேண்டுமா?

பதில்: புதிய உடல் தேவையில்லை, நீங்கள் சொல்லும் சேதம் சரிசெய்யக்கூடியதே. ஆனால் பசையைத் தொடுவதற்கு முன் பேட்டரியைப் பாருங்கள். மூக்கில் விழுந்த அடி முதலில் லிப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரியைத்தான் தாக்கும். அது உப்பியிருந்தாலோ, மூலை நசுங்கியிருந்தாலோ, இனிப்பான ரசாயன வாடை வந்தாலோ மீண்டும் சார்ஜ் செய்யவே கூடாது. வீட்டுக்கு வெளியே, எரியும் பொருள் எதுவும் அருகில் இல்லாத இடத்தில் வைத்துவிட்டு, பிறகு மின்கழிவு சேகரிப்பவரிடம் ஒப்படைத்துவிடுங்கள்.

அடுத்து, மோட்டார், சர்வோ (இறக்கை, வால் மடிப்புகளை அசைக்கும் சிறு மோட்டார்), ரிசீவர் (ரிமோட்டின் சிக்னலைப் பெறும் கருவி) அனைத்தையும் கழற்றிவிட்டு நசுங்கிய பகுதியைக் கவனியுங்கள். இ.பி.ஓ. என்பது மூடிய நுண்ணறைகள் கொண்ட மணிகளை ஒன்றாக அழுத்தி வார்த்த பொருள். மோதலில் அந்த அறைகள் உடைவதைவிடச் சுருங்குவதே அதிகம் என்பதால், கொதித்து இறக்கிய வெந்நீரை நசுங்கிய இடத்தில் மெதுவாக ஊற்றினால் உள்ளே அடைபட்ட காற்று விரிந்து, மடிப்புகள் கண்ணெதிரே எழும்பி வரும். ஒரே இடத்தில் அதிக நேரம் ஊற்றாமல், சில விநாடிகள் ஊற்றி, கையுறை அணிந்த விரல்களால் வடிவத்தைத் திருத்தி, மறுபடி ஊற்றுங்கள்; சூடு மிஞ்சினால் மேற்பரப்பு கொப்புளம் கொப்புளமாகிவிடும். கிழிந்த இடம் இதனால் ஒட்டிக்கொள்ளாது என்றாலும், வடிவம் திரும்பிய பிறகு கிழிசலின் இரு விளிம்புகளும் ஒன்றோடொன்று தாமாகவே பொருந்தும். அதனால்தான் இந்த வேலையை ஒட்டுவதற்கு முன்பே முடிக்க வேண்டும்.

ஃபெவிக்விக் போன்ற பசைகள் தெர்மாகோலை அரிப்பதுபோல் இ.பி.ஓ.வை அரிப்பதில்லை. ஆனால் காய்ந்தபின் கண்ணாடிபோல் விறைத்துவிடுவதால், வளைந்து கொடுக்க வேண்டிய ஃபோம் அடுத்த கரடுமுரடான தரையிறக்கத்திலேயே அந்த விளிம்பை ஒட்டிப் பிளந்துவிடும். சிறு விரிசலுக்கு அதைப் பயன்படுத்தலாம். உடல் முறிவுக்கு நான் பரிந்துரைப்பது பாலியூரித்தேன் பசையைத்தான். ஒரு முகத்தில் மெல்லிய படலமாகப் பூசி, எதிர்முகத்தை ஈரத்துணியால் துடைத்துச் சேர்க்கவும். இந்தப் பசை நுரைத்துப் பெருகும்போது இணைப்பையே தள்ளிவிடும் என்பதால், டேப்பை இறுக்கிச் சுற்றி ஓரிரவு விட்டுவிடுங்கள். வழிந்து உலர்ந்த நுரையை மறுநாள் பிளேடால் சீவி எடுத்தால் போதும்.

பசையின் வலிமையைவிட நேர்த்தியான பொருத்தமே விமானத்தைக் காப்பாற்றுகிறது என்பதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். பசை இல்லாமல் முதலில் பொருத்திப் பாருங்கள். வாலின் நடுப்புள்ளியிலிருந்து இரு இறக்கை நுனிகளுக்கும் நூல் பிடித்து அளந்தால் இரு நீளமும் ஒன்றாக இருக்க வேண்டும். பின்னால் நின்று பார்க்கையில் கிடைவால் (வாலின் கிடைமட்டப் பகுதி) இறக்கைக்கு இணையாகத் தெரிய வேண்டும். ஒட்டி உலர்ந்தபின், உடலின் இரு பக்கமும் முறிவைக் கடந்து செல்லும்படி பிளேடால் பள்ளம் கீறி, ஒவ்வொன்றிலும் ஒரு 2 மி.மீ. கார்பன் கம்பியைப் பதித்து ஒட்டுங்கள். இரண்டு கம்பிகளின் முனைகளும் ஒரே கோட்டில் முடியாமல் சற்று முன்பின்னாக இருந்தால், அடுத்த அடியின் விசை ஒரே இடத்தில் குவியாது.

மோட்டார் பிடிப்புக்கு எபாக்ஸிதான் (இரண்டு திரவங்களைக் கலந்து பூசும் பசை) சரி. பிளாஸ்டிக்கை உப்புத்தாளால் தேய்த்துச் சொரசொரப்பாக்கிய பின் ஒட்டவும். இங்கே பலரும் தவறுவது கோணத்தில்தான். பெரும்பாலான பயிற்சி விமானங்களில் மோட்டார் சில டிகிரி கீழ்நோக்கியும் வலப்பக்கமாகவும் வேண்டுமென்றே சாய்த்து வைக்கப்பட்டிருக்கும். அது கோணலாகத் தெரிகிறதே என்று "நேராக்கி" விடாதீர்கள். மோட்டார் அச்சைக் கையால் சுழற்றி, நுனி தள்ளாடினால் அச்சை மாற்றுங்கள். மோதிய ப்ரொப்பெல்லரை, விரிசல் தெரியாவிட்டாலும், தூக்கி எறிந்துவிடுங்கள்.

எடையிலும் சிக்கனம் தேவை. வால் நெம்புகோல்போல் நீளமாக இருப்பதால், பின்னால் சேரும் 10 கிராம் பசையை ஈடுகட்ட மூக்கில் 20 முதல் 30 கிராம் வரை தேவைப்படலாம். எல்லாம் உலர்ந்தபின் கையேட்டில் சொன்ன புள்ளியில் விரல்களால் தாங்கி, விமானம் சமநிலையில் நிற்கிறதா என்று பாருங்கள். கையேடு இல்லையென்றால், நேர்செவ்வக இறக்கைக்கு அதன் முன்விளிம்பிலிருந்து அகலத்தில் நான்கில் ஒரு பங்கு தொலைவில் உள்ள புள்ளி பாதுகாப்பான தொடக்கம். வால் தாழ்ந்தால் பேட்டரியை முன்னே நகர்த்துங்கள். தாழ்ந்த நிலையிலேயே பறக்கவிட வேண்டாம்.

முதல் பறப்பைக் காற்றில்லாத காலையில் வைத்துக்கொண்டு, நல்ல உயரத்துக்குப் போனபின் மோட்டாரை நிறுத்திப் பாருங்கள். மோட்டார் ஓடும்போது மட்டும் ஒரு பக்கம் இழுத்தால் பிடிப்பின் கோணத்தைத் திருத்த வேண்டும். மோட்டார் நின்றபின்னும் இழுத்தால் இறக்கையோ வாலோ இன்னும் திருகியிருக்கிறது, தரையிறக்கி நூலை மறுபடி பிடியுங்கள்.