செவ்வாய்க்கிழமை மட்டும் சுகர் ஏறுவது ஏன்?

கேள்வி: எனக்கு 46 வயது. கடலூர் முதுநகரில் கருவாட்டு வியாபாரம். வீட்டுக்காரர் விசைப்படகில் தொழிலுக்குப் போகிறார். சுகர் வந்து ஆறு வருடம் ஆகிறது. மாத்திரை போடுகிறேன், சோற்றையும் குறைத்துவிட்டேன். மாமியார் பக்கவாதம் வந்து ஒன்றரை வருடமாகப் படுக்கையில் இருக்கிறார். மீன்பிடித் தடைக்காலத்தில் எடுத்த குழுக் கடனுக்குச் செவ்வாய்தோறும் தவணை. அன்று காலை வெறும் வயிற்றில் பார்த்தால் சுகர் 190, 200 காட்டுகிறது. மற்ற நாட்களில் 140-க்குள்தான். தலைவலி, வயிற்றெரிச்சல் வேறு. தலைவலிக்கு மெடிக்கலில் கேட்டு மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்கிறேன். டாக்டர் ‘டென்ஷனைக் குறைங்கம்மா’ என்கிறார். கவலை என்ன வாயில் போடுகிற பொருளா, அது எப்படிச் சுகரை ஏற்றும்?

பதில்: அம்மா, கிழமையையும் சுகர் அளவையும் சேர்த்துப் பார்த்திருக்கிறீர்களே, பாதி வைத்தியத்தை அங்கேயே முடித்துவிட்டீர்கள். நீங்கள் கண்டுபிடித்தது உண்மைதான், மனப்பிரமை இல்லை.

மூட்டுவலிக்கோ இழுப்புக்கோ ஸ்டீராய்டு மாத்திரை கொடுத்தால் சுகர் ஏறும் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். அதே வகையைச் சேர்ந்த ஒன்றை நம் உடம்பே தயாரிக்கிறது. பெயர் கார்ட்டிசால். சிறுநீரகத்தின் தலையில் குல்லா வைத்ததுபோல் இருக்கும் அட்ரீனல் சுரப்பியிலிருந்து வருகிறது. ஆபத்து என்று மூளைக்குப் பட்டவுடன் முதலில் அட்ரினலின் பாயும், பின்னாலேயே கார்ட்டிசால் வரும். இரண்டும் சேர்ந்து, கல்லீரலில் இருக்கும் சர்க்கரையை ரத்தத்தில் இறக்கிவிடும். ரத்தச் சர்க்கரையைக் குறைக்கும் இன்சுலினின் வேலையையும் மட்டுப்படுத்தும். ஒரு வாய் சாப்பிடாமலே சுகர் ஏறுவது இப்படித்தான்.

இந்த ஏற்பாடு ஓடித் தப்பிக்க உண்டானது. நாய் துரத்தினால் ஓடுவோம், இறங்கிய சர்க்கரை காலில் செலவாகிவிடும். தவணைக்கு ஓட்டம் ஏது? விடியற்காலை நாலு மணிக்கு முழிப்பு வந்து, யாரிடம் இருநூறு கேட்கலாம் என்று பாயில் படுத்தபடி கணக்குப் போடுகிறீர்கள். அந்த நேரத்தில் கார்ட்டிசால் எல்லோருக்குமே இயல்பாகக் கூடும். உங்களுக்கு அதன் மேல் இன்னொரு பங்கு. சர்க்கரை அப்படியே ரத்தத்தில் நிற்கிறது. வயிற்றில் புளியைக் கரைக்கிறது, நெஞ்சு படபடக்கிறது என்று நாம் சொல்வதெல்லாம் இதே அட்ரினலின் செய்யும் வேலைதான்.

ஆனால் எல்லாப் பழியையும் ஹார்மோன் மேல் போட எனக்கு மனம் வரவில்லை. உங்களைப் போலவே வாரத் தவணை கட்டும் ஒரு அம்மா சுகர் நோட்டைக் கொண்டுவந்தார். மாத்திரை போட்டதற்கு ஒவ்வொரு இரவும் டிக் அடித்திருந்தார். தவணைக்கு முந்தின இரவில் மட்டும் கட்டம் காலி. கேட்டேன். “சாப்பிடவே தோணல சார். சாப்பிடாம மாத்திரை போடக் கூடாதுன்னு சொன்னாங்கல்ல, அதான் வுட்டுட்டேன்” என்றார். அவர் செய்ததில் தப்பில்லை; சில சுகர் மாத்திரைகளை வெறும் வயிற்றில் போட்டால் சுகர் அடியோடு இறங்கிவிடும். ஆனால் அந்த ஒரு இரவு விட்டதுதான் மறுநாள் காலை 200 ஆக நின்றது. உங்கள் திங்கட்கிழமை இரவு எப்படிப் போகிறது? சாப்பாடு, மாத்திரை, தூக்கம் மூன்றையும் நான்கு வாரம் எழுதிப் பாருங்கள். செவ்வாய்க்கிழமைக்கு என்று நீங்களாக ஒரு மாத்திரை கூட்டிப் போடவே வேண்டாம். ஒருநாள் அளவை மட்டும் பார்த்து மருந்தை மாற்றக் கூடாது; மூன்று மாதச் சராசரியைச் சொல்லும் ஹெச்பிஏ1சி பரிசோதனையையும் பார்த்து டாக்டர் முடிவு செய்யட்டும்.

தலைவலி மாத்திரைதான் எனக்குப் பெரிய கவலை. வயிற்றுப்புண் என்றாலே கவலைதான் காரணம் என்று டாக்டர்களே வெகுகாலம் நம்பினார்கள். ஆஸ்திரேலியாவின் பாரி மார்ஷலும் ராபின் வாரனும் 1982-ல் ஹெலிகோபேக்டர் பைலோரி என்ற கிருமியைக் கண்டுபிடித்த பிறகுதான் அந்த எண்ணம் மாறியது. 2005-ல் அதற்கு நோபல் பரிசு கிடைத்தது. வயிற்றுப்புண்ணுக்கு அந்தக் கிருமியும் வலி மாத்திரைகளும்தான் முக்கியக் காரணங்கள். டைக்ளோஃபினாக், ஐபுப்ரோஃபென் போன்றவை சுகர்காரரின் சிறுநீரகத்தையும் பாதிக்கக்கூடும். டென்ஷனால் தலைவலி, தலைவலிக்கு மாத்திரை, மாத்திரையால் வயிற்றெரிச்சல் என்று போகிறது. அதையும் ‘டென்ஷன்’ என்று தள்ளிவிடாமல் வயிற்றைப் பரிசோதிக்கச் சொல்லிக் கேளுங்கள். பிரஷரும் பார்க்க வேண்டும்.

மாமியார் விஷயத்துக்கு வருகிறேன். 1995-ல் அமெரிக்காவில் ஓர் ஆய்வு நடந்தது. மறதி நோய் வந்த உறவினரைக் கவனித்துக்கொள்ளும் பெண்கள் 13 பேர், அப்படிப் பொறுப்பு இல்லாத பெண்கள் 13 பேர். எல்லோர் கையிலும் 3.5 மில்லிமீட்டரில் ஒரே அளவு காயம் செய்து ஆற விட்டார்கள். நோயாளியைப் பார்த்துக்கொண்ட பெண்களுக்கு ஆறுவதற்கு ஏறத்தாழ 9 நாள் கூடுதலாக ஆனது. நாள் முழுக்க உப்பிலும் கருவாட்டிலும் நிற்கிற கால் உங்களுடையது, சுகர் வேறு. இரவு படுக்கும்முன் பாதத்தையும் விரலிடுக்கையும் வெளிச்சத்தில் பாருங்கள். வெடிப்போ முள் குத்தலோ இருந்தால் ‘தானா ஆறிடும்’ என்று விடாதீர்கள்.

‘டென்ஷனைக் குறை’ என்று சொல்வது சுலபம். சுமையை யார் இறக்கிவைப்பது என்பதுதான் கேள்வி. ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் படுக்கையில் இருப்பவர்களுக்கு வீட்டுக்கே வந்து பிசியோதெரபி கொடுக்கிறார்கள். உங்கள் சுகர் மாத்திரையும் வீடு தேடி வரும். பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் மாமியார் பெயரையும் உங்கள் பெயரையும் பதியுங்கள்.

கடனைப் பற்றி டாக்டர் ஏன் பேச வேண்டும் என்று நினைக்கலாம். சுகரை ஏற்றுவது அது என்றால் நான் பேசித்தான் ஆக வேண்டும். ரிசர்வ் வங்கியின் 2022 விதிகளின்படி, உங்கள் குழுக் கடன் போன்ற நுண்கடன் வசூலுக்குக் காலை 9 மணிக்கு முன்பும் மாலை 6 மணிக்குப் பின்பும் தொந்தரவு செய்யக் கூடாது. கடன் வாங்கியவரின் வசதிக்கு ஏற்பத் தவணையின் கால இடைவெளியை வைத்துக்கொள்ளவும் வழி இருக்க வேண்டும் என்று அதே விதிகள் சொல்கின்றன. ஏப்ரல் 15 முதல் 61 நாள் படகு கரையில் நிற்கும் வீடு என்பதைச் சொல்லி, மாதத் தவணையாக மாற்றித் தரும்படி எழுதிக் கேளுங்கள்.

தூக்கம் கெட்டு, எதிலும் பிடிப்பில்லாமல் இரண்டு வாரத்துக்கு மேல் போனால் 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணுக்குக் கூப்பிடுங்கள். எந்த நேரமும் பேசலாம், கட்டணம் இல்லை.

ஒன்றை மட்டும் டென்ஷன் கணக்கில் சேர்க்காதீர்கள். நெஞ்சில் பாரம், வேர்த்துக் கொட்டுவது, மூச்சு வாங்குவது, தாடைக்கோ கைக்கோ பரவும் வலி வந்தால் ‘கேஸ்’ என்று சோடா குடித்துக்கொண்டு உட்காராமல் உடனே 108-ஐக் கூப்பிடுங்கள். சுகர் இருப்பவர்களுக்கு, அதிலும் பெண்களுக்கு, நெஞ்சுவலியே இல்லாமலும் மாரடைப்பு வரும்.

அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது சுகர் நோட்டோடு மெடிக்கலில் வாங்கிய அந்தத் தலைவலி மாத்திரை அட்டையையும் கையோடு எடுத்துப் போங்கள்.