கடவுளுக்கு அரைப்பேர்

கேள்வி: போன இதழில் வந்த சிறுகதையில் சிவபெருமான் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பெயர் பதிந்து, செடி நறுக்கும் கவ்வாத்து வேலைக்குப் போகிறார். பாதி வேலையில் மரத்தடியில் படுத்துத் தூங்கிவிடுகிறார். வேலையை மேற்பார்க்கும் கணக்கப்பிள்ளை அவருக்கு அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம், போடுகிறார். வாசித்துக் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தேன். அம்மாயிக்கும் வாசித்துக் காட்டினேன். என்னைவிட அதிகம் சிரித்துவிட்டு, "அந்த அரைப்பேரையாவது செக்ரோல்ல (சம்பளப் பதிவேட்டில்) ஒழுங்கா எழுதினானா?" என்று கேட்டார். கோயில் கமிட்டியில் இருக்கும் மாமாவோ, "இது தெய்வ நிந்தனை, பொலிசில் முறைப்பாடு கொடுக்கலாம்" என்கிறார். அன்றிலிருந்து விளக்கேற்றும்போது மனசுக்குள் ஒரு கூச்சம். சிரித்தது பிழையா?
– வாசகி ஒருவர், பொகவந்தலாவை

பதில்: சிரித்து முடித்துவிட்டு அனுமதி கேட்கிறீர்கள். வந்த சிரிப்பைத் திருப்பி அனுப்ப என்னிடம் வழியில்லை. அது எங்கிருந்து வந்தது என்று மட்டும் சொல்கிறேன்.

அந்தக் கதையை எங்கள் எழுத்தாளர் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. மதுரையில் வைகை பெருகியது. கரை அடைக்க வீட்டுக்கு ஓர் ஆள் வரவேண்டும் என்று பாண்டியன் உத்தரவு. பிட்டு விற்றுப் பிழைத்த கிழவி வந்திக்கு அனுப்ப ஆளில்லை. சிவன் கூலியாளாக வந்தார். உதிர்ந்த பிட்டுதான் கூலி என்று பேசிக்கொண்டார். பிட்டைத் தின்றார், பாடினார், ஆடினார், கூடையைத் தலைக்கு வைத்துத் தூங்கினார். கிழவியின் பங்குக் கரை மட்டும் அடைபடாமல் கிடந்தது. அரசன் பிரம்பை எடுத்து முதுகில் போட்டான். அந்த அடி அரசன் முதுகு உட்பட எல்லார் முதுகிலும் விழுந்தது. பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணத்தில் 61ஆவது படலம் இது. வேலைக் கள்ளனாகக் கடவுளைக் காட்டியதற்காக அந்தப் புராணத்தை யாரும் கோயிலுக்கு வெளியே நிறுத்தவில்லை.

மாமாவுக்கு மாணிக்கவாசகரையும் கொஞ்சம் வாசித்துக் காட்டுங்கள். 'மண்சுமந்து கூலிகொண்டு அக்கோவால் மொத்துண்டு புண்சுமந்த பொன்மேனி' என்று திருவாசகத்தில் அம்மானை ஆடும் பெண்கள் பாடுகிறார்கள். கூலி! தோட்டத்து ஆட்களான நம்மை அடிக்க மற்றவர்கள் கையில் எடுத்த சொல். அதே சொல்லைத் திருவாசகம் சிவன் மேனியோடு சேர்த்து வைத்திருக்கிறது. காலையில் ஆட்களைக் கணக்கெடுக்கும் பெரட்டுக்களத்தில் பெயர் கூப்பிடும் வரைக்கும் குளிரில் நின்றவருக்கு இந்த வரி ஓதுவாரைவிட நன்றாகப் புரியும். அம்மாயி உங்களைவிட அதிகம் சிரித்ததற்கு வேறு காரணம் தேடாதீர்கள். கதையில் வரும் கடவுளைவிட அவருக்குக் கணக்கப்பிள்ளையைத்தான் நன்றாகத் தெரியும்.

கடவுளோடு மல்லுக்கு நிற்பது தமிழில் பழைய சங்கதி. கண் பார்வை போன சுந்தரர் திருவாரூரில் போய் நின்று, இப்படி எங்களை வைத்துவிட்டு நீரே 'வாழ்ந்து போதீரே' என்று கடவுளின் முகத்துக்கு நேரே பாடினார். காளமேகம் முருகனின் குடும்பத்தையே வரிசையில் நிறுத்தினார்: அப்பன் பிச்சைக்காரன், மாமன் உறியில் திருடுகிறவன், அண்ணன் பெருவயிறன். 1943இல் புதுமைப்பித்தன் 'கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்' கதையில் கடவுளைச் சென்னை பிராட்வே பக்கம் இறக்கிக் காப்பி வாங்கிக் கொடுக்க வைத்தார். கந்தசாமிப் பிள்ளை அவரையும் விடாமல் தன் பத்திரிகைக்குச் சந்தாதாரர் ஆக்கிவிடுகிறார். (எங்கள் சந்தாப் பிரிவில் இன்னும் யாரும் அந்தக் கதையை வாசிக்கவில்லை என்றுதான் தோன்றுகிறது.)

இந்தச் சிரிப்புக்கு முதலில் கதை தெரிந்திருக்கவேண்டும். சிவனை அறியாத ஒருவரிடம் அரைப்பேர் கதையைக் கொடுத்துப் பாருங்கள், 'சோம்பேறித் தொழிலாளி' என்று மூடி வைத்துவிடுவார். நீங்கள் சிரித்தது விபூதி பூசிய நெற்றியோடு. அந்தக் கூச்சத்தை விட்டுவிட்டு விளக்கை ஏற்றுங்கள்.

எது வந்தாலும் போடுவோம் என்று நினைக்கவேண்டாம். இரண்டு மாதங்களுக்கு முன்னால் இன்னொரு மதத்தின் தூதரைக் கிண்டல் செய்து ஒரு கதை வந்தது. எழுதியவர் அந்த மதத்தின் நூலில் ஒரு பக்கம்கூடப் புரட்டவில்லை என்பது இரண்டாவது பத்தியிலேயே தெரிந்தது. திருப்பி அனுப்பினேன். அடுத்த வீட்டு அடுப்படி எந்தப் பக்கம் என்றே தெரியாதவர் அந்த வீட்டுச் சோற்றைப் பழிக்கக் கூடாது. நாங்கள் போட்ட கதையிலும் எனக்கொரு குறை உண்டு. பிற்பாதியில் பார்வதி லயத்துக் காம்பிராவில் (தோட்டத்து வரிசை வீட்டு அறையில்) நின்று புருஷனை நச்சரிக்கும் இடம் பழைய சினிமாச் சரக்கு. அதை வெட்டாமல் விட்டது என் பிழை. மாமா அதற்காகக் கோபித்திருந்தால் நான் வாயே திறந்திருக்கமாட்டேன்.

பொலிஸ் பேச்சை மட்டும் சிரித்துக் கடத்த முடியவில்லை. 2019 ஏப்ரலில் சக்திக சத்குமார என்ற சிங்கள எழுத்தாளர் ஒரு சிறுகதைக்காகக் கைதாகி நான்கு மாதம் விளக்கமறியலில் (விசாரணைக் காவலில்) இருந்தார். 2023 மே மாதம் நகைச்சுவைக் கலைஞர் நதாஷா எதிரிசூரிய ஒரு மேடைப் பேச்சுக்காகக் கைதானார். இருவர் மீதும் பாய்ந்தது, சிவில், அரசியல் உரிமைகளைக் காக்க என்று 2007இல் கொண்டுவந்த சட்டம். முறைப்பாடு எழுத ஒரு தாள் போதும். அதற்குப் பிறகு நடப்பது மாமாவின் கையிலும் இருக்காது, சிவனின் கையிலும் இருக்காது. நிஜமாகவே அவருக்கு ஆத்திரம் என்றால் நான்கு பக்கத்தில் மறுப்பு எழுதித் தரட்டும், ஒரு சொல் குறைக்காமல் போடுகிறேன். கூடவே, பறித்த கொழுந்து கிலோ குறைந்த நாளில் மனுஷருக்கு விழும் அரைப்பேரைப் பற்றியும் ஒரு வரி எழுதினால் நல்லது. அதற்கு இன்றுவரை எந்தக் கோயில் கமிட்டியிலிருந்தும் எங்களுக்குக் கடிதம் வந்ததில்லை.

அம்மாயியின் கேள்வியைக் கதை எழுதியவரிடமே கேட்டேன். மாதக் கடைசியில் சம்பளத் துண்டைப் பார்த்துத்தான் சொல்ல முடியுமாம்.