தோஹாவுக்குப் பிள்ளைகளைக் கூட்டிப் போகலாமா?

அன்புள்ள அண்ணனுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

கீழக்கரையிலிருந்து எழுதுகிறேன். கல்யாணமாகி எட்டு வருஷம் ஆகிறது. கணவர் கத்தார் தலைநகர் தோஹாவில் ஒரு கம்பெனியில் கணக்குப் பார்க்கிறார். வருஷத்துக்கு ஒருமுறை லீவில் வருவார். மகளுக்கு ஆறு வயது, மகனுக்கு இரண்டு. இப்போது ஃபேமிலி விசா எடுக்கலாம், வந்துவிடுங்கள் என்கிறார். ஜூன் மாதம் ஈரான் ஏவுகணைகள் வந்த இரவில் மொட்டைமாடியிலிருந்து அவர் எடுத்த வீடியோவை மகள் பார்த்துவிட்டாள். "வாப்பா வீட்டு மேலே விழுமா?" என்று இன்னும் கேட்கிறாள். செப்டம்பரில் தோஹாவுக்குள்ளேயே குண்டு விழுந்தது. "சின்னப் புள்ளைகளை வச்சுக்கிட்டு அங்கேயா போறே" என்று உம்மா அழுகிறார். எனக்கும் இந்த வீட்டை விட்டு வேறெங்கும் இருந்து பழக்கமில்லை. போவதா, பொறுப்பதா?

ஒரு வாசகி, கீழக்கரை
நவம்பர் 2025

அன்புள்ள தங்கைக்கு, வ அலைக்குமுஸ்ஸலாம்.

போங்கள் என்றுதான் சொல்வேன். உம்மா பயப்படுவதில் தவறு ஒன்றுமில்லை. ஜூன் 23 அன்று ஈரான் குறிவைத்தது தோஹாவுக்குத் தென்மேற்கே இருக்கும் அல் உதைத் அமெரிக்கத் தளத்தை. உயிர்ச்சேதம் இல்லை, வான்வழியைச் சில மணி நேரம் மூடித் திறந்தார்கள். செப்டம்பர் 9 அப்படியல்ல. ஹமாஸ் தலைவர்களைக் குறிவைத்து இஸ்ரேல் போட்ட குண்டு குடியிருப்புப் பகுதியில் விழுந்தது, ஆட்கள் இறந்தார்கள். ஆபத்தே இல்லை என்று உம்மாவிடம் சொல்லிச் சமாதானப்படுத்தாதீர்கள். என்ன நடந்தது, இப்போது எப்படி இருக்கிறது என்று உள்ளபடி சொல்லுங்கள். புறப்படும் நேரத்தில் நிலைமை முற்றி, போக வேண்டாம் என்று இந்தியத் தூதரகம் அறிவித்தால், டிக்கெட் பணம் போனாலும் நின்றுவிடுங்கள்.

நம் கடற்கரைக்கு இது புதிதுமல்ல. 1990 ஆகஸ்ட் 2 அன்று ஈராக் குவைத்துக்குள் நுழைந்தது. அங்கிருந்த இந்தியர்கள் பஸ் பிடித்து ஈராக் வழியாக ஜோர்டான் போய், அம்மானிலிருந்து ஏர் இந்தியா விமானங்களில் பம்பாய் வந்து சேர்ந்தார்கள். ஒரு லட்சத்து எழுபதாயிரம் பேருக்கு மேல். பாஸ்போர்ட் முதலாளியின் அலமாரியில் இருந்தவர்கள் பட்ட பாடு தனி. குவைத் தினார் செல்லாமல் போனதில் பலரது சேமிப்பு கரைந்தது. அதனால் நால்வரின் பாஸ்போர்ட்டும் உங்கள் வீட்டில், உங்கள் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். ஆறு மாதம் தாக்குப்பிடிக்கிற அளவுக்குப் பணம் ஊர் வங்கியில் உங்கள் பெயரில் இருக்க வேண்டும். நகை ஊரிலேயே இருக்கட்டும். தோஹா போன முதல் வாரத்தில் தூதரகத்தில் பெயர் பதிந்துவிடுங்கள்.

2017 ஜூனில் சவூதியும் மற்ற மூன்று நாடுகளும் கத்தாருடன் உறவை முறித்துக்கொண்டு தரைவழியையும் மூடியபோது தோஹா கடைகளில் பாலுக்குத் தட்டுப்பாடு வந்தது. கத்தார் வெளிநாட்டிலிருந்து மாடுகளை விமானத்தில் இறக்கிப் பண்ணையைப் பெருக்கியது. பிள்ளைகளோடு இருந்த குடும்பங்கள் அதையும் கடந்தன.

இனி, வீட்டை விட்டு இருந்து பழக்கமில்லை என்று கடைசியில் எழுதினீர்களே, அதற்கு வருகிறேன். எனக்கு அதுதான் பெரிதாகப் படுகிறது. கீழக்கரையில் வீடு பெண்ணுக்குத்தான். கல்யாணமானாலும் மகள் உம்மா வீட்டிலேயே இருப்பாள், மாப்பிள்ளை அங்கே வருவார். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் உம்மா பார்த்துக்கொள்வார், பக்கத்து வீட்டிலிருந்து சாச்சி ஓடி வருவார். தோஹாவில் கணவர் வேலைக்குப் போனபின் நீங்களும் இரண்டு பிள்ளைகளும் மட்டும். இன்னொன்றும் இருக்கிறது. எட்டு வருஷக் கல்யாணத்தில் நீங்கள் இருவரும் சேர்ந்து இருந்ததெல்லாம் லீவு நாட்கள்தான். லீவில் வந்த மனிதர் விருந்தாளி மாதிரி, கேட்டதையெல்லாம் வாங்கித் தருவார். அங்கே நீங்கள் பார்க்கப்போவது வேலை முடிந்து களைத்து வருகிற, மாதக் கடைசியில் கணக்குப் பார்க்கிற ஆளை. பேச்சலர் ரூமில் இருந்து பழகியவருக்கு இரவில் பிள்ளை அழுகிற சத்தமே புதிது. முதல் சில மாதங்கள் இருவருக்குள்ளும் உரசல் வரும். வந்தால் பதறி டிக்கெட் போட்டுவிடாதீர்கள். வெளிநாடு போய் மனம் கசந்து திரும்பிய பெண்கள் என்னிடம் சொன்னதில் போர்ப்பயம் குறைவு. பேச ஆளில்லாமல் ஃப்ளாட்டுக்குள் அடைந்து கிடந்ததைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார்கள்.

ஆகவே போனதும் உங்களுக்கென்று தனி சிம், தனி ஏடிஎம் கார்டு கேட்டு வாங்குங்கள். மெட்ரோவில் தனியாகப் போய்வரப் பழகுங்கள். கட்டடத்தில் மலையாளக் குடும்பங்கள் இருக்கும். நீங்களே போய்க் கதவைத் தட்டுங்கள், நம்மூர் இனிப்பு தொதல் ஒரு டப்பா போதும். முடிந்தால் வக்ரா பக்கம் வீடு பார்க்கச் சொல்லுங்கள். முத்துக்குளித்தும் மீன்பிடித்தும் வாழ்ந்த பழைய கடலோர ஊர் அது, மன்னார் வளைகுடாக்காரருக்கு அந்நியமாக இருக்காது. வில்லாவைத் தடுத்துத் தருகிற போர்ஷன் மலிவு என்று அவர் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். நகராட்சி பிடித்தால் பிள்ளைகளோடு தெருவில் நிற்க வேண்டிவரும்.

சிபிஎஸ்இ பள்ளி ஏப்ரலில் தொடங்கும் என்பதால் மார்ச் கடைசியில் போகலாம் என்று கணவர் நினைக்கலாம். ஜனவரியிலேயே போங்கள். மே முதல் செப்டம்பர் வரை வெயிலில் பிள்ளைகளை வெளியே விட முடியாது. குளிர்காலத்தில் போனால் பூங்கா, கடற்கரை என்று காட்டி ஊரை அவர்களுக்குப் பிடிக்கவைக்க இரண்டு மாதம் கிடைக்கும்.

மகள் கேட்டதற்கு, விழவே விழாது என்று சொல்லாதீர்கள். செப்டம்பருக்குப் பின் அந்த வாக்கை யாராலும் கொடுக்க முடியாது. "அன்றைக்கு வாப்பாவுக்கு ஒன்றும் ஆகவில்லை. சத்தம் கேட்டால் ஜன்னல் பக்கம் போகாமல் எல்லோரும் உள் அறையில் ஒன்றாக இருப்போம்" என்று சொல்லுங்கள். ஆறு வயதுப் பிள்ளைக்கு என்ன செய்ய வேண்டும் என்று தெரிந்தால் பயம் பாதி குறையும். அந்த வீடியோவை ஃபோனிலிருந்து அழித்துவிடுங்கள்.

ஜனவரி என்றால் நாள் அதிகமில்லை. ஜமாஅத் தப்தர் (திருமணப் பதிவேடு) நகலோடு நின்றுவிடாமல், சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்த திருமணச் சான்று கையில் இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். அதற்கும் பிள்ளைகளின் பிறப்புச் சான்றுகளுக்கும் வெளியுறவு அமைச்சகம், கத்தார் தூதரகம் என்று முத்திரை வாங்கிவர வாரங்கள் ஆகும். மகன் தடுப்பூசி அட்டையை ஆஸ்பத்திரியில் கொடுத்து ஆங்கிலத்தில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். தோஹாவில் குளிர் இருக்கும்போதே உம்மாவையும் விசிட் விசாவில் ஒரு மாதம் வரவழைக்க வேண்டும் என்று கணவரிடம் இப்போதே பேசி வையுங்கள்.

அன்புடன்,
அண்ணன்