கடைவீதி காலியானால் நகராட்சி என்னதான் செய்ய முடியும்?

ஊர் நடுவில் இருக்கிற கடைகள் வரிசையாக மூடிக்கொண்டே போனால் நகர நிர்வாகங்கள் என்ன செய்கின்றன என்று கேட்டிருக்கிறீர்கள். நான் இருக்கும் வடகிழக்கு இங்கிலாந்தை வைத்தே சொல்கிறேன்.

பெரும்பாலான கவுன்சில்கள் (இங்கே நகராட்சியை அப்படித்தான் சொல்வார்கள்) முதலில் செய்வது புது நடைபாதை, பூந்தொட்டி, பெஞ்சு. தப்பில்லை. ஆனால் 2009 தொடக்கத்தோடு உல்வொர்த்ஸின் 800 கடைகள் போயின, 2016-ல் பிஎச்எஸ், 2021-ல் டெபனம்ஸ், 2023-ல் வில்கோ என்று நாடு முழுக்கக் கிளைகள் வைத்திருந்த பெரிய கடைகளெல்லாம் ஒவ்வொன்றாகப் போய்விட்ட பிறகு, அந்தப் பெரிய கட்டிடங்களுக்குக் குடிவர ஆளே இல்லை, பூந்தொட்டி வைத்து என்ன செய்வது?

சிக்கலே கட்டிடம் கவுன்சிலுடையது இல்லை என்பதுதான். உரிமையாளர் எங்கோ இருக்கும் ஒரு முதலீட்டு நிறுவனமாக இருக்கும். வாடகையைக் குறைத்தால் கட்டிடத்தின் மதிப்பும் குறையும், அதை வைத்து வாங்கிய கடனுக்குச் சிக்கல் வரும், அதனால் குறைந்த வாடகைக்கு விடுவதைவிடப் பூட்டியே போட்டுவிடுகிறார்கள். கதவுக்குப் பின்னால் தபால் குவிந்து கிடக்கும், 'வாடகைக்கு' என்ற பலகை வெளுத்துப்போயிருக்கும். பக்கத்தில் இன்னும் கடை நடத்துகிறவரின் வியாபாரமும் அதோடு சேர்ந்து படுக்கும்.

இங்கே ஸ்டாக்டன்-ஆன்-டீஸ் கவுன்சில் செய்ததுதான் எனக்குச் சரியென்று படுகிறது. 2019-ல் காசில்கேட், வெலிங்டன் ஸ்கொயர் என்று ஊரிலிருந்த இரண்டு ஷாப்பிங் சென்டர்களையும் அதுவே விலைக்கு வாங்கியது. கடைகள் தேவைக்கு மேல் இருக்கின்றன, குறைத்தே ஆகவேண்டும் என்று ஒத்துக்கொண்டு, காசில்கேட்டில் இருந்த கடைகளை வெலிங்டன் ஸ்கொயர் பக்கம் நகர்த்த முயன்றது, அப்புறம் காசில்கேட்டை இடித்தே விட்டது. 1970-களில் கட்டிய அந்தக் கட்டிடம் ஊரின் கடைவீதியான ஹை ஸ்ட்ரீட்டுக்கும் டீஸ் ஆற்றுக்கும் நடுவில் சுவர் மாதிரி நின்றது, கடைவீதியில் நடக்கிறவருக்குப் பின்னால் ஆறு ஓடுவதே தெரியாது. அந்த இடத்தில் ஆற்றங்கரை வரை பூங்கா என்பது திட்டம்.

பொதுப்பணத்தில் கட்டிடம் வாங்கி இடிப்பதா என்று கோபப்படுகிறவர்கள் உண்டு, அந்தக் கோபம் நியாயமானதுதான், கவுன்சில்களிடம் பணம் கொட்டிக் கிடக்கவில்லை. ஆனால் சும்மா இருந்தாலும் செலவுதான். நாட்டிங்ஹாமில் ப்ராட்மார்ஷ் ஷாப்பிங் சென்டரைப் புதுப்பித்துக்கொண்டிருந்த நிறுவனம் 2020-ல் நொடித்துப்போனது, பாதி இடித்த கட்டிடம் கவுன்சில் தலையில் வந்து நின்றது. அங்கேயும் ஒரு பகுதி இப்போது பசுமைப் பூங்காதான்.

டிசம்பர் 2024 முதல் இங்கிலாந்தில் இன்னொரு வழியும் இருக்கிறது. இரண்டு வருடத்தில் 365 நாளுக்கு மேல் காலியாகக் கிடந்த கடையைக் கவுன்சிலே ஏலம் விட்டு, ஒன்று முதல் ஐந்து வருட லீஸுக்குக் கொடுக்கலாம். பேக்கரி, சலூன் மாதிரி சின்ன கடைகளுக்கு இது நல்ல வாய்ப்பு. ஆனால் நாலு மாடி டெபனம்ஸ் கட்டிடத்தை ஐந்து வருட லீஸுக்கு யார் எடுப்பார்கள், பழுதுபார்க்கவே கையிலிருக்கும் பணமெல்லாம் போய்விடும். அந்த மாதிரி இடங்களைக் கவுன்சிலே வாங்கினால்தான் உண்டு.